‘30 டிகிரி ஆங்கிள் லாக்’ ரேசர்: 2,880 ரூபாய் கட்டி நான் ஏமாந்த கதை

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சேஃப்டி ரேசர் (ஒரே ஒரு பிளேடைக் கழற்றி மாட்டிச் சவரம் செய்கிற ரேசர்) வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள், "எப்படிப் பிடித்தாலும் கோணம் மாறாது", "30 டிகிரி லாக்" என்கிற மாதிரி விளம்பரம் கண்ணில் பட்டால் தயவுசெய்து அவசரப்பட்டுப் பணம் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். பணம் போனதைவிட, பத்து நாள் முகத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போனதுதான் பெரிய கூத்து.

போன ஆடி மாதம் கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் வண்டி சறுக்கி வலது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை, பாட்டில் மூடியைத் திருகுவதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அதுவரை நான் மூன்று பிளேடும் தலையும் ஒன்றாக வருகிற கார்ட்ரிட்ஜ் ஆசாமி. அதில் தலை தானாகச் சாய்ந்து கொடுக்கும் என்பதால் பிளேடு கன்னத்தில் எந்தக் கோணத்தில் படுகிறது என்று யோசித்ததே கிடையாது. ஆனால் அந்தக் கார்ட்ரிட்ஜால் கழுத்தில் முடி உள்ளுக்குள் சுருண்டு கொப்புளம் கொப்புளமாக வரும், ஒற்றை பிளேடுக்கு மாறிப் பார் என்று பல பேர் சொல்லியிருந்தார்கள். மாறலாம்தான், திரும்பாத மணிக்கட்டை வைத்துக்கொண்டு எப்படி? அதனால்தான் ‘கோணம் மாறாத சேஃப்டி ரேசர்’ என்று ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். தேடின மறுநாளே போனில் அந்த விளம்பரம் வந்து நின்றது. நம்முடைய பலவீனம் நமக்குத் தெரிகிறதோ இல்லையோ, போனுக்குத் தெரிந்துவிடுகிறது.

விலை 3,200. முன்கூட்டியே பணம் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி, பார்சல் வரும்போது கொடுப்பதானால் முழு விலை. யாராக இருந்தாலும் முதலாவதைத்தான் அழுத்துவார்கள், நானும் அழுத்தினேன். முதல் தூண்டில் இதுதான் என்று இப்போது புரிகிறது. பணம் கையை விட்டுப் போன பிறகுதான் பார்சலே கிளம்புகிறது.

வந்த பெட்டியைப் பார்த்தால் நகைப்பெட்டி தோற்றுவிடும். கறுப்பு அட்டை, காந்தத்தில் ‘டப்’பென்று மூடுகிற மூடி, உள்ளே வெல்வெட். ‘ஜெர்மன் வடிவமைப்பு’ என்று வெள்ளி எழுத்து. ஆனால் யார் தயாரித்தது, யார் இறக்குமதி செய்தது, முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம், புகார் எண் எதுவும் இல்லை. பொட்டலப் பொருள் விதிகள், 2011-இன்படி இதெல்லாம் அச்சிட்டே ஆக வேண்டும், நாலு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டிலேயே போடுகிறார்கள். அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் வெல்வெட்டைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நாலு நாள் தாடி. வெந்நீர் போட்டு முகம் கழுவி, நுரை பூசி, புது பிளேடு மாட்டி, அந்த விளம்பரக்காரப் பயலுடைய வீடியோவில் காட்டின மாதிரியே வலது கன்னத்தில் வைத்து இழுத்தேன். நுரை வந்தது, முடி வரவில்லை. இன்னொரு தடவை. கன்னத்தில் சும்மா வழுக்கிக்கொண்டு போகிறது. சரி, நுரை அடைத்திருக்கும் என்று ரேசரைத் திருப்பி மறுபக்கத்தால் அதே அழுத்தத்தில் தாடைக்கு அடியில் ஓர் இழுப்பு. ‘சரக்’. வலியே தெரியவில்லை, வெள்ளை நுரையில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் மெதுவாக அகலமாகிக்கொண்டே போனது. படிகாரக் கல்லைத் தேய்த்து ரத்தம் நிற்பதற்குள், பாத்ரூம் கதவை வீட்டம்மா மூன்று தடவை தட்டிவிட்டாள்.

கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் படத்துடன் எழுதினேன். ‘ஷேவிங் ஆலோசகர்’ ஒருவர் ரொம்பப் பவ்வியமாகப் பதில் போட்டார். சார், கார்ட்ரிட்ஜிலிருந்து மாறுகிற எல்லாருக்கும் இப்படித்தான், உங்கள் கை பழக வேண்டும், 30 நாள் விடாமல் செய்யுங்கள், அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் எங்களிடம் வாருங்கள் என்றார். கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது பாருங்கள். ஆனால் எப்படிப் பிடித்தாலும் மாறாத கோணத்துக்குக் கை எதற்குப் பழக வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை, முறிந்த கைதானே, நம்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் தளத்தில் கீழே கோடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் பார்க்கவில்லை: திருப்பி அனுப்பும் காலம் 7 நாள். 30 நாள் பழகச் சொன்னவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. பதினோராவது நாள், மூன்று வெட்டுக்கு அப்புறம், பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பவ்வியம் போய்விட்டது. காலம் முடிந்துவிட்டது, அதுவும் பயன்படுத்திய சவரப் பொருளைச் சுகாதாரக் காரணங்களால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பள்ளிக்கூட நண்பனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் ரேசரை முகத்தில் வைத்துப் பார்க்கவில்லை, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கித் தலையை நேர் எதிரே பார்த்தான். "மாப்ளே, பிளேடு கோணலா உக்காந்திருக்குதுடா. இந்தப் பக்கம் உள்ளே, அந்தப் பக்கம் வெளியே." வண்டி மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே, தகடு தகடாக விரிகிற ஃபீலர் கேஜ், அதை எடுத்து பிளேடுக்கும் கீழ்த்தட்டு விளிம்புக்கும் நடுவில் செருகினான். ஒரு பக்கம் 0.40 மில்லிமீட்டர். மறுபக்கம் 0.85. பிளேடைக் கழற்றித் திருப்பி மாட்டினான், அதே பக்கம் அதே அளவு. ஆக, கோளாறு பிளேடில் இல்லை. மேல்மூடியின் அடியில் பிளேடைப் பிடிக்க இரண்டு மேடுகள் இருக்கும், அவை மெலிந்துபோய் ஒன்று சற்றே தள்ளி வார்க்கப்பட்டிருந்தது. பிளேடு அதில் ஆடுகிறது, இறுக்கும்போதெல்லாம் ஒரே பக்கம் ஒதுங்குகிறது. அவன் விரல் நுனியால் தள்ளிக் காட்டினான், மூடி இறுகுவதற்கு முன் பிளேடு கதவுத் தாழ்ப்பாள் மாதிரி அங்கும் இங்கும் போய் வந்தது.

இந்த இடத்தில் கோணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று முழுதும் இதில்தான் இருக்கிறது. இருபக்க பிளேடு என்பது 0.1 மில்லிமீட்டர் தகடு, தனியாக எடுத்தால் வளைந்து நெளியும், சலூனில் ஒடித்து அரை பிளேடாகப் போடுவதும் இதைத்தான். மேல்மூடிக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவில் வைத்து வளைத்து இறுக்கும்போதுதான் அதற்கு விறைப்பே வருகிறது. ஜில்லெட் 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினது இந்த யோசனைக்குத்தான், இன்றுவரை அடிப்படை மாறவில்லை. பிளேடு தலைக்குள் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும், எவ்வளவு வெளியே தெரிய வேண்டும் என்பதை ரேசர் தயாரிப்பவர் தீர்மானிக்கலாம். அது நேராக, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டியது அவர் பொறுப்பு. ஆனால் அந்தத் தலை உங்கள் கன்னத்தில் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கைதான். தலை தனியாக ஆடிக் கொடுத்தால்தான் அந்த வேலையைக் கருவி கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். 1977-இல் ஜில்லெட் கம்பெனியின் அட்ரா கார்ட்ரிட்ஜில் வந்தது அப்படிப்பட்ட அசையும் தலை. சேஃப்டி ரேசரிலும் அசையும் தலை வைத்துச் செய்கிறவர்கள் உண்டு, அது வேறு சாதி. என்னிடம் வந்தது கைப்பிடியும் தலையும் அசையாமல் திருகி இறுக்கும் சாதாரண மூன்று துண்டு ரேசர். அதில் கோணத்தைப் ‘பூட்ட’ எந்த ஏற்பாடும் கிடையாது, இருக்கவும் முடியாது.

அடுத்தது உலோகம். விளம்பரத்தில் ‘316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ (துருப்பிடிக்காத எஃகில் ஓர் உயர்ந்த ரகம்) என்று போட்டிருந்தார்கள், விலைக்கு நியாயம் கற்பித்ததே அதுதான். நான் சந்தேகம் கேட்டதற்கு, காந்தம் வைத்துப் பாருங்கள் சார், ஒட்டாது என்று பதில் வந்தது. வைத்தேன், ஒட்டவில்லை. 316எல்-லில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் பித்தளையிலும் ஒட்டாது, மலிவான துத்தநாக வார்ப்பான ஜமாக்கிலும் ஒட்டாது! பாதி உண்மையைச் சோதனையாகக் கொடுத்து வாயை அடைக்கிற வித்தை இது. ராஜ வீதியில் எங்கள் குடும்பத்துக்கு நகை செய்கிற ஆசாரி அண்ணனிடம் தலையை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். "ஏந் தம்பி, இதுல என்ன பவுனா எடுக்கப் போறீங்க?" என்று சிரித்துக்கொண்டேதான் தராசில் வைத்தார். 46.2 கிராம். அப்புறம் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தார். 39.2. ஏழு கிராம் குறைகிறது, 46.2-ஐ 7-ஆல் வகுத்தால் 6.6, அதாவது தண்ணீரைப்போல் 6.6 மடங்கு கனம். எஃகாக இருந்தால் 8-ஐ ஒட்டி வர வேண்டும், பித்தளை அதற்கும் மேலே. 6.6 என்பது ஜமாக். கீழ்த்தட்டில் திருகு துளையைச் சுற்றி முலாம் ஏற்கெனவே பொரிந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிந்ததையும் அவர்தான் நகக்கண்ணால் சுரண்டிக் காட்டினார். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஜமாக் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் சோலிங்கனில் செய்கிற பேர்போன ரேசர்களிலேயே தலை குரோம் முலாம் பூசின ஜமாக்தான், அவர்கள் அதை மறைப்பதும் இல்லை. இங்கே ஜமாக்கைக் கொடுத்து எஃகு விலை வாங்கியிருக்கிறார்கள், அந்த ஜமாக்கையும் ஒழுங்காக வார்க்கவில்லை.

இனி புகார் விஷயம், சிலருக்கு உதவலாம். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லாமல் இருந்தாலோ விற்பவர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல முடியாது. புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் அடித்தேன், தமிழிலேயே பேசினார்கள், பில், வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஏற்றச் சொன்னார்கள். விளம்பரத்தை முதல் நாளே படம் பிடித்து வைத்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் புகார் போன நாலாம் நாள் தளத்தில் ‘316எல்’ என்ற வார்த்தையே காணோம். தீராவிட்டால் கோவை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்கெல்லாம் கட்டணமும் இல்லை. அதற்கு வேலை வரவில்லை. முதலில் புது ரேசர் அனுப்புகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். நான் எழுதின விமர்சனத்தை எடுத்துவிட்டால் பாதிப் பணம் என்றார்கள், அதற்கும் வேண்டாம் என்றேன். 26-ஆம் நாள் 2,880-ம் வந்தது. மன்னிப்பு ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய ஃபேன்ஸி கடையில் 450 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பையில் ஒரு பிளேடு கொண்டுபோய், கடைக்காரரிடம் கேட்டு அங்கேயே மாட்டி, ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து இரண்டு பக்கமும் ஒரே அளவு தெரிகிறதா என்று பார்த்தேன். மூன்றைப் பார்த்து நாலாவதை எடுத்தேன், கடைக்காரர் கொஞ்சம் முறைத்தார், பரவாயில்லை. மணிக்கட்டுப் பிரச்சினைக்குத் தீர்வு சலூன்காரர் சொன்னது: மேல்மூடியைக் கன்னத்தில் முதலில் படுக்க வை, கைப்பிடி தரைக்கு இணையாக நிற்கும், அப்போது எதுவும் வெட்டாது. அப்படியே கைப்பிடியை மெதுவாக இறக்கிக்கொண்டே இழு, முடி நறுக்குகிற அந்தச் சின்னச் சத்தம் எங்கே கேட்க ஆரம்பிக்கிறதோ அங்கேயே நிறுத்து. அப்புறம் மணிக்கட்டை மறந்துவிட்டு முழங்கையால் நகர்த்து. கைப்பிடியின் கடைக்கோடியை விரல் நுனியில் பிடித்தால் அழுத்தவும் தோன்றாது. ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால் நான் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் செய்கிறேன், வேர்த்துக் கொட்டுகிறது, ஆனால் இரண்டு மாதமாக வெட்டு இல்லை.

நேற்று மச்சான் போனைக் காட்டி, "மாமா, இது எப்படி, நல்லா இருக்குமா?" என்று கேட்டான். பெயர் வேறு, ‘ஆட்டோ ஆங்கிள்’ என்று போட்டிருக்கிறது, விலை 3,499, முன்பணம் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. படத்தில் அதே கறுப்புப் பெட்டி, அதே வெல்வெட்.