ஊற்றா, குளமா, பம்புசெட்டா? கோடைக் கிடைக்குத் தண்ணீர்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறக்கும். ஆறு காய்ந்து கிடக்கும் அந்த நாட்களில்தான் உளுந்து, பயறு எடுத்த வயல்களில் கிடை போட, அதாவது எருவுக்காக ராத்திரியில் ஆட்டு மந்தையை வயலில் அடைத்து வைக்க, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) டெல்டாவுக்கு வருகிறார்கள். காய்ந்த தாள் மேயும் ஆடு வெயில் காலத்தில் நாளுக்கு 4, 5 லிட்டர் குடிக்கும். பால் கொடுக்கும் தாயாடு இன்னும் கூடக் குடிக்கும். 200 உருப்படிக்கு ஆயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கொள்ளிடக்கரை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஊற்றுதான். மணல் மிஞ்சியிருக்கும் இடமாகப் பார்த்து, வாய் அகலமாக, உள்ளே சரிவாகப் பறிக்க வேண்டும். செங்குத்தாக வெட்டினால் மணல் சரிந்து மூடிவிடும். முதலில் ஊறும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிடுங்கள். ஆட்டை ஊற்றுக்குள் இறக்கவே கூடாது. குளம்பு பட்டுக் கரை இடியும், புழுக்கையும் மூத்திரமும் தண்ணீரில் விழும். பத்தடி தள்ளி 20 அடி நீளத்துக்குச் சிறு வாய்க்கால் பறித்து, தார்ப்பாய் விரித்து, அதில் இறைத்து ஊற்ற வேண்டும். ஆட்டுக்கு ஓரடி வீதம் இரண்டு பக்கமும் 40 ஆடு வாய் வைக்கும். ஐந்து தடவையில் மந்தை முடிந்துவிடும். அவசரப்பட்டு இறைத்தால் அடிமணல் பொங்கிக் குழி தூர்ந்துபோகும். இரண்டு குழி பறித்து மாற்றி மாற்றி இறைப்பதே நல்லது. ஆள்வேலை அதிகம்தான், ஆனால் மணல் வடிகட்டிய தண்ணீர்.

குளத்தில் இந்தப் பாடெல்லாம் இல்லை, ஓட்டிவிட்டால் போதும். பங்குனி வரைக்கும்தான் அந்தச் சுகம். தண்ணீர் வற்ற வற்ற ஓரமெல்லாம் சேறு. மெலிந்த ஆடு இறங்கினால் மாட்டிக்கொள்ளும். கெட்டித் தரையுள்ள துறையில் பத்துப் பத்தாக இறக்க வேண்டும். குளத்தோரப் பசும்புல்லை மட்டும் மேயவிடாதீர்கள். நத்தையிலிருந்து வெளிவரும் ஈரல்புழுக் குஞ்சு அந்தப் புல்லில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். மீன் குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் உத்தமம்.

பம்புசெட்டில் கிடைக்காரருக்கு வேலையே இல்லை, வயல்காரர் தயவு இருந்தால் சரி. மும்முனைக் கரண்டு வரும் நேரத்தில் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். யூரியா கரைத்த டிரம்மைத் தொட்டியாக வைத்தால் ஆடு செத்துவிடும்.

வேதாரண்யம் பக்கம் போனால் கணக்கே வேறு. அங்கே பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. ஆடு கொஞ்சம் உவர்ப்பைத் தாங்கும், குட்டி தாங்காது. மணல்மேட்டில் மேலாக ஊற்றுப் பறித்தால் நல்ல தண்ணீர் கிடைக்கும். பற்றவில்லையே என்று ஆழப்படுத்தினால் உப்பு ஏறிவிடும். அதனால் பக்கத்திலேயே இன்னொரு குழி பறிப்பார்கள்.