முதல் ஆம்ப்ளிஃபயர்: எல்எம் 386-ஆ, பிஏஎம் 8403-ஆ, டிடிஏ 2030-ஆ?

முதன்முதலாக ஆம்ப்ளிஃபயர் செய்ய உட்காருபவர் முன் பெரும்பாலும் இந்த மூன்று ஐசிகள்தான் வந்து நிற்கும். என் ஓட்டு எல்எம் 386-க்கு. சத்தத்துக்காக அல்ல, 9 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தருவது முக்கால் வாட்டுக்குள்தான். பாடாமல் போனால் காரணத்தை ஒரு மல்டிமீட்டரை வைத்தே பிடித்துவிடலாம் என்பதற்காக. முதல் சர்க்யூட் எப்படியும் ஒருமுறையாவது பாடாமல் போகும்.

பிஏஎம் 8403 மாட்யூல் 5 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 3 வாட் வரை தரும். நான்கைந்து ஒயரைப் பற்றவைத்தால் பாடிவிடும். கற்றுக்கொள்ள அதில் அதிகமில்லை. ஆனால் 9 வோல்ட் பேட்டரியை மாட்டினால் ஐசி போய்விடும், வரம்பு 5.5 வோல்ட். ஸ்பீக்கரின் மைனஸை கிரவுண்டோடு சேர்த்தாலும் ஆபத்து, ஏனென்றால் அங்கே ஸ்பீக்கரின் இரு முனைகளுமே அவுட்புட். போன ஐசியைக் கழற்றி மாற்றுவது புதியவர் கைக்கு எட்டாது.

டிடிஏ 2030 நல்ல ஐசி, இரண்டாவது புராஜெக்டுக்கு. ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) கட்டாயம். கால்கள், பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டின் துளைகளில் உட்காராது. முதுகிலுள்ள உலோகத் தகடு மைனஸ் சப்ளையோடு இணைந்தது; டூயல் சப்ளையில் (பிளஸ், கிரவுண்ட், மைனஸ் என மூன்று முனை) நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வைக்காமல் ஹீட்சிங்கைப் பெட்டியின் கிரவுண்டில் முடுக்கினால் நேராக ஷார்ட்.

இனி 386. இன்புட்டில் 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், நடுக்கால் ஐசியின் 3-ஆம் காலுக்கு. 2-ம் 4-ம் கிரவுண்ட், 6 சப்ளை. 5-இலிருந்து 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ஸ்பீக்கர். அதே 5-இலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக. பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி ஜோடியைத்தான். பிறகு ஐசி சும்மா இருக்கும்போதே சூடாகிறது என்று குழம்புவார்கள். காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் அது ஊளையிட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொரு வழக்கமான தப்பு, 1-க்கும் 8-க்கும் நடுவே 10 மைக்ரோ ஃபாரட் போடுவது. பல சர்க்யூட் படங்களில் அது இருக்கும். அதைப் போட்டால் கெயின் (சிக்னலைப் பெருக்கும் மடங்கு) 200, போடாவிட்டால் 20. முழு அவுட்புட்டுக்கு வேண்டியது சுமார் 2.4 வோல்ட், 20 மடங்கென்றால் இன்புட்டில் 0.12 வோல்ட் போதும், போன் அதைத் தாராளமாகத் தரும். 200 வைத்தால் கூடுவது இரைச்சலும் கீச்சொலியும்தான். மைக் மாட்டுவதானால் மட்டும் அது வேண்டும்.

பாடவில்லையா? சிக்னல் கொடுக்காமல் 5-ஆம் காலை அளக்கவும். 9 வோல்ட் சப்ளைக்கு 4.5-ஐ ஒட்டி வர வேண்டும். பூஜ்யமோ முழு 9-ஓ காட்டினால் ஐசி போயிருக்கலாம், அல்லது 4, 6 கால்களில் ஒன்று சரியாக உட்காரவில்லை. 4.5 சரி என்றால் வால்யூமை முழுக்க வைத்து 3-ஆம் காலை விரலால் தொடவும். ‘உர்ர்’ என்றால் ஐசி முதல் ஸ்பீக்கர் வரை நலம், கோளாறு ஜாக்கிலோ அதன் ஒயரிலோ. சத்தமே இல்லையென்றால் 5-க்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலுள்ள கப்ளிங் கெப்பாசிட்டரையும் ஸ்பீக்கரையும் பார்க்கவும்.

‘புட் புட்’ என்று படகு மோட்டார் மாதிரி அடித்தால் குற்றவாளி பெரும்பாலும் சின்னச் சதுர 9 வோல்ட் பேட்டரி. ஒவ்வொரு அடிக்கும் வோல்டேஜ் சரிந்து, அந்தச் சரிவு இன்புட்டுக்கே திரும்புகிறது. 6, 4 கால்களை ஒட்டி 220 மைக்ரோ ஃபாரடும் 0.1-ம் வைத்து, ஸ்பீக்கரின் கிரவுண்ட் ஒயரை அந்தக் கெப்பாசிட்டரின் மைனஸுக்கே தனியாகக் கொண்டுபோனால் அடங்கும். அப்படியும் விடாவிட்டால் ஆறு பென்சில் செல்லுக்கு மாறவும்.

ஸ்டீரியோ வேண்டும், பாட்டு மட்டும் கேட்டால் போதும் என்பவருக்கு பிஏஎம் 8403 தான் சரி. ஒலியிலும் அது 386-ஐ முந்தும். 386-இல் 220 மைக்ரோ ஃபாரடே 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும். 1000 போட்டால் 20 வரை இறங்கும், ஆனால் உள்ளங்கையளவு ஸ்பீக்கரில் அந்த வித்தியாசம் காதில் விழாது.