புது டயர் என்று 24,500 ரூபாய் வாங்கினார்கள்: கொழும்பில் பைக் ஓடுகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்

கொழும்பில் பைக்குக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் போங்கள். புத்தம் புது டயர் என்று சொல்லி, எட்டு வருடத்துக்கு முன்னால் செய்த டயர் இரண்டை என் பைக்கில் பூட்டி 24,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். முழங்காலில் தோல் உரிந்த எரிச்சலும் ஆறவில்லை, ஆத்திரமும் ஆறவில்லை. கடையின் பெயரை நான் போடப் போவதில்லை. நகரத்துக்குள், பெரிய பலகை போட்டு, வாசல் முழுக்க டயர் தொங்கவிட்டிருக்கும் ஒரு கடை. இப்படி எத்தனையோ கடை இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 150 சிசி பைக். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பைக் விலை எங்கேயோ போய்விட்டது. அதனால் இருப்பதையே பார்த்துப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போவதும் இதில்தான், மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதும் இதில்தான். பின் டயர் தேய்ந்து நடுவில் தட்டையாகிவிட்டது. டயரின் பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்றோ ஒரு சின்ன முக்கோணமாகவோ அடையாளம் இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. என் பின் டயர் அந்த நிலைக்கு வந்திருந்தது. முன் டயரில் இன்னும் பள்ளம் இருந்தாலும் பக்கத்தில் மெல்லிய வெடிப்பு விழத் தொடங்கியிருந்தது. மழைக்காலம் வருவதற்கு முன் இரண்டையும் மாற்றிவிடுவோம் என்று சம்பளம் வந்த கையோடு போனேன்.

கடை முதலாளி தமிழ் ஆள். நான் சிங்களத்தில் விலை கேட்கத் தொடங்கியதும், போனில் என் மனைவியோடு தமிழில் பேசியதைக் கவனித்துவிட்டு, "தம்பி எந்தப் பக்கம்? கொட்டாஞ்சேனையா? எங்கட ஆள்தானே, இருங்க" என்றார். பிளேன்டீ வந்தது. பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் ஆண்டு என்றெல்லாம் விசாரித்தார். தன் மகனும் பைக் ஓடுகிறான், அவனுக்கும் இதே டயரைத்தான் பூட்டியிருக்கிறேன் என்றார். நான் தெளிவாகவே கேட்டேன்: "அண்ணன், இது புது ஸ்டொக்தானே?" அவர் டயரைக் கையில் எடுத்து, மேலே குத்திக்கொண்டு நிற்கும் ரப்பர் முடிகளை விரலால் தடவிக் காட்டினார். "பாருங்க தம்பி, முடிகூட உதிரல்ல. போன மாசம் வந்த லொட். உங்களுக்கு நான் பழசக் குடுப்பேனா?" டயர் கன்னங்கரேல் என்று பளபளத்தது. பக்கச் சுவரில் விலை எழுதிய வட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது.

அந்த முடிகள் அச்சில் வார்க்கும்போது காற்றுப் போகும் துளை வழியாகப் பிதுங்கி வருபவை. டயர் ஓடவில்லை என்பதற்குத்தான் அவை சாட்சி. எப்போது செய்தது என்பதற்கு அல்ல. பத்து வருடம் கடையில் தொங்கிய டயரிலும் முடி அப்படியே நிற்கும். இதெல்லாம் தெரிந்த மனிதர்தான் அதைத் தடவிக் காட்டி 24,500 ரூபாய் வாங்கினார்.

மழை தொடங்கிய முதல் வாரத்திலேயே வினை வந்தது. பின்னேரம், வேலை முடிந்து வரும்போது, ஆமர் வீதிச் சந்திக்குக் கிட்ட மஞ்சள் கோட்டில் ஆட்கள் இறங்கினார்கள். மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தேன். பிரேக்கைத் தொட்டதும் பின் டயர் அப்படியே பக்கவாட்டில் போய்விட்டது. பிடிக்கவே இல்லை. விழுந்து கொஞ்சத் தூரம் இழுபட்டேன். பின்னால் வந்த பஸ்காரர் நேரத்துக்கு நிறுத்தினார், அந்த மனிதருக்கு ஆயிரம் புண்ணியம். மகள் அன்றைக்குப் பின்னால் இருக்கவில்லை. இருந்திருந்தால் என்று நினைக்கும்போதே நெஞ்சு பதறுகிறது.

எங்கள் ஒழுங்கையில் பைக் திருத்தும் பாஸ் ஒருவர் இருக்கிறார். வளைந்த பிரேக் பெடலை நிமிர்த்தக் கொண்டுபோனேன். அவர் பெடலைப் பார்க்கவில்லை, நேராகக் குந்தியிருந்து பின் டயரில் பெருவிரல் நகத்தை வைத்து அமுக்கினார். நல்ல ரப்பர் என்றால் நகம் கொஞ்சம் பதிந்து திரும்ப எழும்பும். இதில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் ஒரு துணியைப் பெட்ரோலில் நனைத்துப் பக்கச் சுவரையும் பள்ளங்களையும் துடைத்தார். துணி முழுக்கக் கறுப்பு. பளபளப்புப் போன இடத்தில், பள்ளங்களின் அடியில், தலைமுடி அளவுக்கு மெல்லிய வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. கடைசியாக அந்த விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார். அடியில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம்: 3117.

2017 ஆம் ஆண்டின் 31 ஆவது வாரம். முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டு இலக்கம் வருடம். 2000 ஆம் ஆண்டிலிருந்து டயர்களில் இப்படித்தான் அடிக்கிறார்கள், டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில் இருக்கும். முன் டயரைப் பார்த்தோம். அதே இடத்தில் அதே ஸ்டிக்கர், அதற்கு அடியில் அதே வருடம். இரண்டு டயரிலும் சரியாக அந்த நாலு இலக்கத்தின் மேல் போய் ஸ்டிக்கர் தற்செயலாக ஒட்டிக்கொண்டது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

டயர் ஓடித் தேய்வது ஒன்று, இருந்து கெடுவது இன்னொன்று. ரப்பருக்குள் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும். வெயிலும் சூடும் காற்றிலுள்ள ஓசோனும் வருடக்கணக்கில் பட்டால் அந்த எண்ணெய் போய் ரப்பர் இறுகிவிடும், பிறகு வெடிக்கும். டயர் ஓடும்போது வளைந்து நெளிவதால்தான் உள்ளே இருக்கும் மெழுகு மேலே வந்து காக்கிறது. சும்மா தொங்கும் டயருக்கு அந்தக் காவலும் கிடையாது. இருட்டான, சூடில்லாத களஞ்சியத்தில் ஒழுங்காக வைத்த டயர் கொஞ்ச வருடம் தாங்கும், அதை நான் மறுக்கவில்லை. இவை வாசலில், கொழும்பு வெயிலில் தொங்கியவை. டயர்க் கொம்பனிகள் பொதுவாகச் சொல்வது, ஐந்து வருடம் ஓடிய பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது தெரிந்தவரிடம் காட்டுங்கள், செய்த நாளிலிருந்து பத்து வருடமானால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்று. அந்தக் கணக்கில் பெரும்பகுதியைக் கடை வாசலிலேயே கழித்துவிட்டு வந்த டயருக்கு நான் முழு விலை கொடுத்திருக்கிறேன். பைக் ரோட்டைத் தொடுவது உள்ளங்கை அளவு ரப்பரில்தான். அந்த இடத்தில் விளையாடியிருக்கிறார்கள்.

அடுத்த நாளே கடைக்குப் போனேன். பிளேன்டீ தந்த அதே முதலாளி கண்ணை நிமிர்த்தவில்லை. முதலில், "புது டயர் தொடக்கத்தில கொஞ்சம் வழுக்கும் தம்பி, ஓட ஓடச் சரியாகும்" என்றார். புது டயரின் மேல்தோல் போகும் வரை, நூறு, நூற்றைம்பது கிலோமீற்றர் கவனமாக ஓட வேண்டும் என்பது உண்மைதான். அதைத் தாண்டி எவ்வளவோ ஓடிவிட்டேன். 3117 ஐப் போனில் படமெடுத்துக் காட்டினேன். "அது மொடல் நம்பர்" என்றார். வாய் கூசாமல் சொன்னார். நான் விடவில்லை என்றதும், "ஓடின டயரைத் திரும்ப எடுக்க ஏலாது" என்றார். பிறகு, கொம்பனி ஆள் வந்து பார்க்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றார். திங்கட்கிழமை போனால் முதலாளி இல்லை, பெடியன் மட்டும். போன் எடுத்தால் "பிறகு எடுக்கிறேன்", அப்புறம் மணி மட்டும் அடித்தது, இப்போது வாட்ஸ்அப்பில் என் படமே அவருக்குப் போவதில்லை. எங்கட ஆள் என்று இருக்கவைத்த வாய், காசு கேட்டதும் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று அந்நியமாகக் கேட்கிறது. காசு போனதைவிட அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பில்லைப் பாருங்கள்: "டயர் 2 – 24,500". அவ்வளவுதான். அளவு இல்லை, பிராண்ட் இல்லை, கையெழுத்து இல்லை. நல்லகாலம், கடை முத்திரையும் திகதியும் இருக்கிறது. நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு அழைத்தேன். எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பில், டயர்ப் படம், ஸ்டிக்கர் எல்லாம் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

இதற்கிடையில் பின் டயரை வேறு கடையில், கடன் வாங்கி மாற்றினேன். பஞ்சிகாவத்தையில் சின்னக் கடை, சிங்கள ஐயா ஒருவர். நான் கேட்பதற்கு முன்னமே டயரைத் திருப்பி இலக்கத்தைக் காட்டினார். அப்படிக் காட்ட இரண்டு விநாடி போதும். முன் டயருக்குக் காசு சேரும் வரை பைக் வீட்டில் நிற்கிறது, நான் பஸ்ஸில் போகிறேன்.

டயர் பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. பூட்டுவதற்கு முன் நாலு இலக்கத்தைப் பாருங்கள், இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், சில டயரில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். ஸ்டிக்கர் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள், மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். மினுக்கத்தை நம்பாதீர்கள், நகத்தால் அமுக்குங்கள். இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் பழசு என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பில்லில் பிராண்ட், அளவு, அந்த நாலு இலக்கம் மூன்றையும் எழுத வையுங்கள். பில் கேட்டால் கொடுப்பது அவர்கள் கடமை, கெஞ்ச வேண்டியதில்லை. காசு கொடுப்பதற்கு முன் டயரையும் பில்லையும் ஒரே படத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி அகப்பட்டு, காசைத் திரும்ப எடுத்தவர்கள் யாராவது இருந்தால் எந்த வழியில் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். 24,500 ரூபாயை நான் விடுவதாக இல்லை.