அசல் பின்போலா, மறுவார்ப்பா? யாழ்ப்பாணத்து வீட்டை வைத்து ஓர் ஒப்பீடு

ரொறொன்ரோவிலோ பாரிசிலோ இளமையைக் கழித்துவிட்டு ஊரில் வீடு கட்டுகிற ஒருவர், அங்கே காசு போட்டு, கண்ணாடிக்குக் கீழே உருளும் உருக்குப் பந்தை அடித்து விளையாடிய பின்போல் இயந்திரங்களில் ஒன்றைத் தன் வீட்டு மண்டபத்திலோ, நல்லூர்ப் பக்கம் தொடங்கவிருக்கும் விருந்தினர் விடுதியிலோ நிறுத்திவைக்க விரும்பினால், அவர் முன்னால் முதலில் வந்து நிற்பது ஒரே ஒரு கேள்விதான்: 1990களில் செய்யப்பட்ட அசல் இயந்திரத்தைத் தேடி வாங்குவதா, அல்லது அதே இயந்திரத்தை அண்மையில் மறுபடியும் செய்து விற்கிறார்களே, அந்த மறுவார்ப்பை வாங்குவதா? சிக்காகோவிலோ பெர்லினிலோ இருப்பவருக்குச் சொல்லப்படும் பதில் இங்கே அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து. அங்கே விலையையும் சேகரிப்பாளரின் பெருமையையும் வைத்து முடிவெடுக்கலாம். இங்கே, பழுதடைந்தால் யார் திருத்துவார், எதை வைத்துத் திருத்துவார் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

எந்த இயந்திரங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. பழைய இயந்திரமொன்றின் ஆடுதள (பந்து உருளும் பலகை) அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு படமும் வேறு பெயரும் கொடுத்து வெளியிடும் வழக்கமும் உண்டு. ஸ்ரேர்ண் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட பீற்றில்ஸ் இயந்திரம், 1980 இல் வந்த ‘சீவிச்’ இயந்திரத்தின் அமைப்பைத் தழுவியது. அவ்வகையை இங்கே விட்டுவிடுகிறேன். பெயர், படம், விதிகள், ஒலி எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு செய்யப்பட்ட மறுவார்ப்புகளில் முதன்மையானவை சிக்காகோ கேமிங் நிறுவனத்தின் நான்கு இயந்திரங்கள். ‘மெடீவல் மட்னஸ்’ 2013 இல் அறிவிக்கப்பட்டு 2015 இல் வெளியானது. ‘அற்றாக் ஃப்ரொம் மார்ஸ்’ 2017 இலும், ‘மொன்ஸ்ரர் பாஷ்’ 2018 இலும், ‘கக்டஸ் கனியன்’ 2021 இலும் அறிவிக்கப்பட்டன. இவற்றின் அசல்கள் 1995 முதல் 1998 வரையான காலத்தில் வில்லியம்ஸ் நிறுவனத்தால் வில்லியம்ஸ், பாலி என்ற இரு பெயர்களில் செய்யப்பட்டவை. 1999 ஒக்டோபரில் அந்நிறுவனம் பின்போல் பிரிவையே மூடிவிட்டது. எனவே அசல்களின் எண்ணிக்கை இனிக் கூடப்போவதில்லை: மெடீவல் மட்னஸ் 4,016, அற்றாக் ஃப்ரொம் மார்ஸ் 3,450, மொன்ஸ்ரர் பாஷ் 3,361, கக்டஸ் கனியன் வெறும் 903.

விளையாட்டு அனுபவத்தில் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பலர் எண்ணுவதைவிடக் குறைவு. மறுவார்ப்பின் உள்ளே இருக்கும் சிறிய கணினி, அசல் இயந்திரத்தின் மென்பொருளையே போலச்செய்து இயக்குகிறது. ஆகவே மெடீவல் மட்னஸில் கோட்டை எத்தனை முறை அடிபட்டால் விழும், அற்றாக் ஃப்ரொம் மார்ஸில் பறக்கும் தட்டை வீழ்த்தினால் எத்தனை புள்ளி என்பனவெல்லாம் ஒன்றேதான் (கக்டஸ் கனியன் மட்டும் விதிவிலக்கு, அதைக் கடைசியில் சொல்கிறேன்). பந்தும் அதே 27 மில்லிமீற்றர் உருக்குப் பந்து. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஒளியில் இருக்கிறது. அசலில் பழைய மின்குமிழ்களின் மஞ்சள் கலந்த வெளிச்சமும், 128க்கு 32 புள்ளிகள் கொண்ட செம்மஞ்சள் பிளாஸ்மாத் திரையும் இருக்கும். மறுவார்ப்பில் எல்லாம் எல்ஈடி, திரையும் வண்ணத் திரை. எனக்கு அந்தச் செம்மஞ்சள் புள்ளிகளே பிடிக்கும், ஆனால் அது பழக்கத்தால் வந்த சுவை. முதன்முதலாக விளையாடும் பிள்ளை வண்ணத்திரையைத்தான் விரும்பும். பந்தை அடித்து மேலே அனுப்பும் பிளிப்பர்கள் அசலில் சோர்ந்துபோயிருக்கின்றன என்று குறைகூறுகிறவர்கள், பெரும்பாலும் தேய்ந்த உதிரிப்பாகங்கள் மாற்றப்படாத இயந்திரத்தில் விளையாடியவர்களாகவே இருப்பார்கள். அவற்றைப் புதிதாகப் போட்டால் அந்தக் குறை நீங்கிவிடும்.

ஆகவே உண்மையான ஒப்பீடு மின்னணுப் பகுதியில்தான் தொடங்குகிறது, இங்கேதான் நான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். அசல் இயந்திரத்தில் 6809 என்ற பழைய நுண்செயலி வேலை செய்கிறது; பிளிப்பர் போன்றவற்றை அசைக்கும் கம்பிச்சுருள்களான கொயில்களை இயக்குவது ரி.ஐ.பி. 102 போன்ற, சாதாரண மின்னணுக் கடைகளிலும் கிடைக்கக்கூடிய ட்ரான்சிஸ்டர்கள். ஒரு பிளிப்பரோ பந்தைத் தட்டிவிடும் வேறு பாகமோ இயங்காமற் போனால், உருகி போயிருக்கலாம், ட்ரான்சிஸ்டர் போயிருக்கலாம், கொயில் எரிந்திருக்கலாம், அல்லது ஈயப்பற்று விட்டிருக்கலாம். இந்த நான்கையும் மீற்றர் ஒன்றை வைத்துச் சோதித்துக் கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர் மோட்டருக்குக் கொயில் சுற்றுகிறவர், கம்பியின் தடிப்பையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் கொடுத்தால், பின்போல் கொயிலையும் சுற்றித் தருவார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர் இது. ஒஸ்ரின் ஏ 40 கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்து, கிடைக்காத பாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்து போட்டு இன்றுவரை வைத்திருப்பதைப் போலவே, இந்த அசல் இயந்திரங்களையும் பாகம் பாகமாகப் பிரித்து உயிரோடு வைத்திருக்க முடியும்.

மறுவார்ப்பில் நிலைமை வேறு. பழுது குறைவாக வரும் என்பது உண்மை. ஆனால் வந்தால் அது பெரும்பாலும் ஒரு பலகையின் பழுதாக வரும். நுண்ணிய பாகங்கள் மேற்பரப்பில் ஒட்டப்பட்ட அந்தப் பலகைகளைச் சாதாரண ஈயப்பற்றுக் கோலால் திருத்துவது கடினம். முழுப் பலகையையும் சிக்காகோவிலிருந்து வரவழைத்து மாற்றுவதே வழி. அதாவது, உங்கள் இயந்திரத்தின் ஆயுள் ஒரே நிறுவனம் எத்தனை ஆண்டுகள் அந்தப் பலகையைச் செய்துகொண்டிருக்கும் என்பதோடு கட்டப்பட்டிருக்கிறது.

அசலுக்கு நான் கொடுக்கும் இந்தப் பாராட்டுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதன் முதன்மைப் பலகையில் வில்லியம்ஸ் தனக்கென்று செய்வித்த ஒரு சிறப்பு மின்னணுச் சில்லு (சிப்) இருக்கிறது. அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அந்தச் சில்லைப் பெரும்பாலும் கெடுப்பது மின்னலோ மின்வெட்டோ அல்ல, பலகையிலேயே பொருத்தப்பட்டிருக்கும் மூன்று பென்ரோச் பற்றறிகள். நேரத்தையும் அதிகூடிய புள்ளிகளையும் நினைவில் வைப்பதற்காக இருக்கும் அவை ஒழுகத் தொடங்கினால், காரம் பலகையின் செப்புத் தடங்களை அரித்துக்கொண்டு போகும். ஒருகாலத்தில் இந்தக் குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்த அதே பற்றறிதான், இன்று தாராளமாகக் கிடைத்து இயந்திரத்தைக் கெடுக்கிறது. அசல் இயந்திரம் வீட்டுக்கு வந்தவுடன் அவற்றைக் கழற்றிவிட்டு, பற்றறி தேவைப்படாத நினைவகச் சில்லு ஒன்றைப் பொருத்துவது, அல்லது கம்பி இழுத்துப் பற்றறிப் பெட்டியைப் பலகைக்கு வெளியே வைப்பது, விளையாடிப் பார்ப்பதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை. பலகை முழுவதும் கெட்டுப்போனாலும் வழி அடைபட்டுவிடாது. அசலுக்கான மாற்றுப் பலகைகளை வேறு நிறுவனங்களும் செய்து விற்கின்றன.

மின்சாரத்தில் மறுவார்ப்புக்கே என் வாக்கு. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேட்ஸ். ஆனால் மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கு எரியும் நேரத்தில், மின்மாற்றியிலிருந்து தூரத்தில் இருக்கும் வீடுகளுக்கு அது குறைந்துதான் வந்து சேரும். அசல் இயந்திரத்தின் பழைய முறை மின்வழங்கிக்கு இது பிடிக்காது. இரண்டு பிளிப்பர்களையும் ஒன்றாக அழுத்தும்போது கணினிக்குப் போகும் 5 வோல்ற் சற்றே விழுந்தாலும், ஆட்டத்தின் நடுவே இயந்திரம் தன்னைத்தானே மீளத் தொடங்கிவிடும். உலகெங்கும் இந்த வகை இயந்திரங்களின் பெயர்போன வியாதி இதுதான். குளிர்சாதனப் பெட்டிக்கு வைப்பதைவிடச் சற்றுப் பெரிய ஸ்ரெபிலைசர் ஒன்று இதை ஓரளவு தடுக்கும். மறுவார்ப்பில் இருக்கும் இக்காலத்து மின்வழங்கி இத்தகைய ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். எதுவாக இருந்தாலும், கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருவது 120 வோல்ற்றுக்கு அமைக்கப்பட்டிருக்கும் என்பதை மறந்து செருகியைச் செருகிவிடக்கூடாது. அசலின் மின்மாற்றியில் இணைப்புச் செருகியை மாற்றி அமைத்து, உருகியையும் அதற்கேற்ப மாற்றினால் நமது மின்சாரத்துக்கு ஓடும்.

இந்த இடத்தில், ஐரோப்பாவில் உறவினர் உள்ளவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வில்லியம்சின் இயந்திரங்கள் ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளுக்குப் பெருந்தொகையாக ஏற்றுமதியாகின. அங்கே கைமாறும் அசல்கள் ஏற்கெனவே நமது மின்னழுத்தத்துக்கு அமைக்கப்பட்டவை. நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள பொருளாக இருந்தாலும், கால்களைக் கழற்றி, தலைப்பெட்டியை மடித்துவிட்டால், வீட்டுச் சாமான்களோடு ஒரே கொள்கலனில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பலாம். சுங்கத்தில் கேட்கப்படும் தொகையை முன்கூட்டியே முகவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளாமல் எதையும் ஏற்றவேண்டாம்.

உப்புக் காற்றும் கறையானும் இரண்டுக்கும் பொது எதிரிகள். பெட்டி ஒட்டுப்பலகையால் ஆனது. கால்களுக்குக் கீழே உலோகத் தட்டு வைத்துச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்தவேண்டும். கடலுக்கு அண்மையில் வீடு இருந்தால், அசலில் மின்குமிழ் வரிசைகளுக்குப் போகும் இணைப்பிகள் விரைவில் கறுத்துக் கருகும். மின்குமிழ்களை எல்ஈடிக்கு மாற்றினால் அவற்றில் ஓடும் மின்னோட்டம் குறைந்து இந்தத் தொல்லையும் பெரிதும் குறையும், பழைய மஞ்சள் கலந்த வெளிச்சத்தை விரும்புகிறவர்களுக்கு அது வருத்தமாக இருந்தாலும்.

ஆடுதளம், சரிவுப் பாதைகள், பிளாஸ்ரிக் துண்டுகள் ஆகியவற்றைப் பொறுத்தவரை, போட்டியாளர்கள் என்று சொல்லப்படும் இவை இரண்டும் உண்மையில் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. மறுவார்ப்பின் இயந்திரப் பாகங்களில் பெரும்பாலானவை அசலுக்கும் பொருந்துமாறு செய்யப்பட்டிருப்பதால், மெடீவல் மட்னஸ் அசலை வைத்திருப்பவர் இன்று உடைந்த கோட்டைக்குப் புதுப் பாகம் வாங்க முடிகிறது. முன்பு அது இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. இதே காரணத்தால், மறுவார்ப்பு செய்யப்படாத 1990களின் வேறு இயந்திரமொன்றைவிட, இந்த நான்கில் ஒன்றின் அசலைத் தேர்வது புத்திசாலித்தனம்.

இனி என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஈயப்பற்றுக் கோல் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், அல்லது நம்பகமான வானொலித் திருத்துநர் அருகில் இருந்தால், அசலை வாங்கலாம். இருபது ஆண்டுகள் கழித்தும் அதைத் திருத்த வழியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து போகிறவர், மற்ற மாதங்களில் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர், மறுவார்ப்பை வாங்குவதே நல்லது, ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிக்கிடந்த அசல் இயந்திரம், திறந்தவுடன் ஒழுங்காக இயங்குவது அரிது. விருந்தினர் விடுதிக்கும் மறுவார்ப்பே பொருந்தும், ஒரு நிபந்தனையோடு: இயந்திரத்தோடு சேர்த்தே ஒரு சோடி உதிரிப் பலகைகளையும் வாங்கிக் காற்றுப்புகாத பெட்டியில் போட்டு வைக்கவேண்டும்.

கக்டஸ் கனியனுக்கு மட்டும் இந்த விதிகள் எதுவும் பொருந்தா. அந்த இயந்திரத்தின் மென்பொருள் நிறைவடைவதற்கு முன்பே, வில்லியம்ஸ் தன் ஆட்களைப் புதிய திட்டத்துக்கு மாற்றிவிட்டது. 903 பேரும் வாங்கியது பாதியில் நின்ற ஓர் ஆட்டத்தை. மறுவார்ப்பில் புதிய விதிகள் சேர்க்கப்பட்டு ஆட்டம் முழுமை பெற்றிருக்கிறது. அசலுக்குக் கேட்கப்படும் விலை அதன் அருமைக்கான விலையே தவிர ஆட்டத்துக்கான விலையல்ல. விளையாடுவதற்காக வாங்குகிறவர் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் சிக்காகோவில் இருந்தாலும் மறுவார்ப்பையே எடுக்கவேண்டும்.