ஸ்டாக்கிங்ஸா, காற்றுப் பம்பா, ஊசியா? படுத்த படுக்கையில் இருப்பவரின் கால்களுக்கு எது சரி

பக்கவாதமோ பெரிய ஆபரேஷனோ வந்து ஒருவர் படுத்துவிட்டால், காலின் ஆழ்நாளங்களில் (இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும், தசைக்குள் இருக்கும் குழாய்களில்) ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பத்திரியில் மூன்று வழிகள் சொல்வார்கள். இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், காலில் சுற்றிக் கட்டி அவ்வப்போது காற்றடைத்துப் பிதுக்கும் பம்ப், தினமும் வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி. மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, விலைதான் வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரத்த ஓட்டம் நின்றால் உடம்புக்குள் என்ன ஆகிறது என்று தெரிந்தால் இது தானாகவே புரியும்.

உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஏற்பாடு உடம்பிலேயே இருக்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் செல்கள் டி.பி.ஏ என்ற புரதத்தை வெளியிடும், அது ரத்தத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் பிளாஸ்மினோஜெனைப் பிளாஸ்மினாக மாற்றும், அந்த பிளாஸ்மின்தான் கட்டியைப் பிணைத்து வைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை அறுக்கிறது. இதற்கு முட்டுக்கட்டை போட பி.ஏ.ஐ-1 என்று இன்னொரு புரதம் உண்டு. இரண்டில் எதன் கை ஓங்கும் என்பதில் ரத்த ஓட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், குறுகிய நேரத் தடையும் நீண்ட நேரத் தேக்கமும் எதிரெதிர் விளைவு தருவதுதான். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, நாள ரத்தம் திரும்பிப் போகாதபடி 10 முதல் 20 நிமிடம் இறுக்கி வைத்தால், அந்தக் கையின் ரத்தத்தில் டி.பி.ஏ நன்றாகக் கூடும். ஒருவருக்குக் கட்டி கரைக்கும் திறன் எவ்வளவு என்று அளக்க ஆராய்ச்சியாளர்கள் பல காலமாகச் செய்துவரும் சோதனை இது. ஆனால் மணிக்கணக்காக, நாள்கணக்காக ரத்தம் தேங்கினால் கதையே வேறு. ரத்தம் பின்னோக்கி வராமல் தடுக்கும் நாள வால்வுகளின் மடிப்புகளுக்குள் ஆக்சிஜன் குறையும், ஆக்சிஜன் குறைந்த செல்கள் பி.ஏ.ஐ-1 பக்கம் சாய்வதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். போதாததற்கு, ஓட்டம் இல்லாத இடத்தில் புதுப் பிளாஸ்மினோஜெனும் டி.பி.ஏயும் கட்டிக்குள் தள்ளப்படாது, மெல்ல ஊறித்தான் போக வேண்டும். அதோடு கால் நாளங்களின் கரைக்கும் திறன் கை நாளங்களைவிட இயல்பிலேயே குறைவு.

சரி, இப்போது மூன்றையும் பார்ப்போம்.

ஸ்டாக்கிங்ஸ் காலை எப்போதும் ஒரே அளவில் இறுக்குகிறது. பிதுக்கி விடுவதெல்லாம் கிடையாது. எடின்பரோவின் பக்கவாத மருத்துவர் மார்ட்டின் டென்னிஸ் தலைமையில் நடந்த, கிளாட்ஸ் என்று பெயரிட்ட ஆய்வுகளில் முதலாவது 2009-இல் வெளியானது. பக்கவாதத்தால் நடமாட முடியாத 2,500-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்திருந்தார்கள். தொடைவரை ஸ்டாக்கிங்ஸ் போட்டவர்களில் 10 சதவீதத்தினருக்கும், போடாதவர்களில் 10.5 சதவீதத்தினருக்கும் முழங்காலின் பின்புறமோ தொடையிலோ உறைவு வந்தது, அதாவது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. தோல் புண்ணும் கொப்புளமும் மட்டும் போட்டவர்களுக்கு 5 சதவீதம், மற்றவர்களுக்கு 1. உணர்ச்சியில்லாத காலில் புண் வந்தால் நோயாளியால் சொல்லக்கூட முடியாது என்பதை நினைத்துப் பாருங்கள். நீண்ட விமானப் பயணத்தில் முழங்கால்வரை போடும் ஸ்டாக்கிங்ஸ் உதவுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கவாத நோயாளிக்கு அதை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

பம்ப் அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை செய்கிற வேலை இதுதான். 2013-இல் வந்த கிளாட்ஸ் 3 ஆய்வில் 2,876 பேர். பம்ப் போட்டவர்களில் 8.5 சதவீதம் பேருக்கு உறைவு, போடாதவர்களில் 12.1 சதவீதம். இது நல்ல வித்தியாசம். பம்ப் போட்டால் பி.ஏ.ஐ-1 இறங்குகிறது, டி.பி.ஏயின் செயல்பாடு கூடுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில ஆய்வுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. என் கணிப்பில், தேங்கிய ரத்தத்தை நகர்த்துவதே பெரும்பங்கு, கரைக்கும் திறன் கூடுவது உபரி லாபம்.

ஊசி கட்டியைக் கரைக்காது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஹெப்பாரினும், அதே வகையைச் சேர்ந்த எனாக்ஸாபரினும் புதுக் கட்டி உருவாகாமல், இருக்கும் கட்டி வளராமல் தடுக்கின்றன, அந்த இடைவெளியில் கரைப்பது உங்கள் உடம்பின் சொந்த பிளாஸ்மின்தான். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் ஐ.சி.யூ. நோயாளிகளுக்கும் ரத்தக்கசிவு அபாயம் இல்லையென்றால் ஊசிக்கே முதலிடம். அதோடு பம்பையும் சேர்த்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். 2019-இல் வந்த ஒரு பெரிய ஐ.சி.யூ. ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பம்பும் சேர்த்தபோது 3.9 சதவீதம் பேருக்கு உறைவு வந்தது, சேர்க்காதபோது 4.2. கூடுதல் பலன் என்று சொல்ல முடியாது.

ஆக, மூளையில் ரத்தக்கசிவு போன்ற காரணத்தால் ஊசி போட முடியாதவருக்கும், எழுந்து நடக்க முடியாத பக்கவாத நோயாளிக்கும் என் ஓட்டு பம்புக்குத்தான். நடக்க முடிந்த நோயாளியை டாக்டர் அனுமதித்த அன்றே எழுப்பி நடக்க வையுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குளிப்பாட்டவோ ஃபிசியோவுக்கோ கழற்றிய பம்ப் பல மணி நேரம் கட்டிலிலேயே தொங்கும், நர்ஸிடம் கேட்டு மறுபடி மாட்டச் சொல்லுங்கள். காலில் ஏற்கெனவே உறைவு இருந்தாலோ, தமனியில் மோசமான அடைப்பு இருந்தாலோ பம்ப் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் பம்பும் வேண்டாம், தைலம் தேய்த்து நீவியும் விட வேண்டாம், டாக்டரிடம் சொல்லி முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்.