ரூ.68,500 கொடுத்து நான் வாங்கிய பொய்ச் சான்றிதழ்: விடுதி நடத்துபவர்கள் படியுங்கள்

விடுதிக்கு வாங்கிய தீயணைப்புச் சான்று பொய் என்று நேற்றுதான் முழுதாகத் தெரிந்தது. இரவு கண்ணை மூடவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போன பணம் ரூ.68,500. ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி நடத்துகிறேன். இரண்டு மாடி, 42 கட்டில். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளிர் விடுதிக்கு ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். அந்தக் கோப்பில் தீயணைப்புத் துறையின் சான்றும் இருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையம் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துப் பெண்கள் இறந்த பிறகு கெடுபிடி கூடிவிட்டது. நியாயமான கெடுபிடிதான்.

நேர்வழியில்தான் தொடங்கினேன். விண்ணப்பித்து மூன்று வாரமாகியும் யாரும் வரவில்லை. நிலையத்துக்கே போனேன். வண்டி வெளியே போயிருந்தது. காவலுக்கு இருந்த ஒரே ஒருவர், “தீப்பிடித்தாலும் நாங்கள்தான், கிணற்றில் மாடு விழுந்தாலும் நாங்கள்தான், பாம்பு பிடிக்கவும் நாங்கள்தான், ஆய்வுக்கும் நாங்கள்தான் அம்மா. வருவோம்” என்றார். கட்டட வரைபடத்தின் நகலுக்காக நகரமைப்புப் பிரிவுக்குப் போனால், ஆய்வாளர் பணியிடம் காலி. பக்கத்து ஊர்க்காரர் கூடுதல் பொறுப்பில் பார்க்கிறார், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார் என்றார்கள். நான் போன செவ்வாய்க்கிழமை அவர் ஒரு வழக்குக்காக நீதிமன்றத்தில் இருந்தார்.

இந்த இடைவெளியில்தான் அந்த ஏமாற்றுக்காரன் நுழைந்தான். தொழில் முகவரிகளைத் தேடித் தரும் இணையதளம் ஒன்றில் என் தேவையைப் பதிந்த பத்தாவது நிமிடம் அழைப்பு வந்தது. மறுநாள் காலை ஆளே வந்துவிட்டான். முப்பது வயதிருக்கும். கையில் அளவு நாடா, கழுத்தில் அடையாள அட்டை, வாய் நிறைய அக்கா. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிப்படியின் அகலத்தை அளந்தான். சமையலறையில் எரிவாயுக் குழாயை முகர்ந்து பார்த்தான். பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனவன், அங்கே கம்பிக் கதவில் நான் போட்டிருந்த பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, முதலில் இதைக் கழற்றுங்கள். கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனார்களே, மறந்துவிட்டீர்களா?”

அந்த இடத்தில் விழுந்தேன். 2004 ஜூலை 16. அப்போது என் மகளுக்கு ஏழு வயது. அன்று அவளைப் பள்ளியிலிருந்து பாதியில் அழைத்து வந்தது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. அவனுக்கே மோர் கொண்டுவந்து கொடுத்தேன். இத்தனை அக்கறையுள்ள பையன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்த 94 உயிர்களையும் அவன் தினம் ஒரு விடுதியில் இப்படித்தான் விற்றிருப்பான். அதை நினைத்தால் பணம் போனதைவிட அதிகமாக எரிகிறது.

பிறகுதான் கணக்குச் சொன்னான். “அங்கே ஆள் இல்லை அக்கா. நீங்களாக அலைந்தால் ஆறு மாதம் ஆகும். எங்களிடம் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்து எழுதினால் போதும், 15 நாளில் சான்று.” எட்டு தீயணைப்பான்கள், வரைபடம், சான்று எல்லாம் சேர்த்து ரூ.68,500. ரசீது கேட்டேன், கொடுத்தான். அதில் முத்திரைகூட இருந்தது. ஓய்வு பெற்றவர் எப்படிச் சான்று தர முடியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அலையாமல் முடிந்தால் சரி என்ற ஆசை எனக்கும் இருந்தது, மறைப்பானேன்.

பதினான்காம் நாளே சான்று வந்தது. அரசு முத்திரை, எண், கையெழுத்து, கட்டம் கட்டமாக ஒரு குறியீடு வேறு. கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன்.

நான்கு மாதம் கழித்து ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கோப்பு திரும்பி வந்தது, அந்த எண்ணில் சான்றே கிடையாது என்று. பழைய விண்ணப்பத்தின் பேரில் நேற்று உண்மையான அலுவலரும் வந்து சேர்ந்தார். விடிய விடியக் குப்பைக்கிடங்குத் தீயை அணைத்துவிட்டு நேரே வந்தவர், காலணியில் ஈரம் காயவில்லை. சட்டத்துக்குள் இருந்த சான்றை அவர் படிக்கக்கூட இல்லை. படிக்கட்டருகே இருந்த தீயணைப்பான் சிலிண்டரை ஒரு கையால் தூக்கினார், வைத்தார். “எடை போட்டுப் பாருங்கள்” என்றார்.

சமையல்கார அம்மா காய்கறி நிறுக்கும் தொங்கு தராசைக் கொண்டுவந்தார். பவுடர் மட்டுமே 6 கிலோ என்று மேலே அச்சடித்திருக்கிறது. தராசு காட்டியது 4 கிலோ 200 கிராம், இரும்பையும் சேர்த்து! சிலிண்டர் தலையில் இருக்கும் அழுத்தமானியின் முள் மட்டும் பச்சையில் ஜம்மென்று நிற்கிறது. முள் காட்டுவது உள்ளே உள்ள அழுத்தத்தை மட்டும்தானாம், பவுடர் இருக்கிறதா என்பதை அல்ல. ஊசியைப் பிடுங்கி அழுத்தினார். புஸ் என்று காற்று வந்தது, கூடவே ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். காலாவதித் தேதி ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டினால் அடியில் இன்னொரு தாள், அதில் 2016. அதற்குள் அவருக்கு அழைப்பு வந்துவிட்டது, எங்கோ வைக்கோல் போர் எரிகிறதாம். மீதி ஆய்வுக்கு மறுபடி வருகிறேன் என்று ஓடினார். எப்போது என்று அவருக்கே தெரியாது.

அவனை அழைத்தேன். முதல் முறை, கூட்டத்தில் இருக்கிறேன் அக்கா. இரண்டாவது முறை ஒரு பெண், சார் வெளியூர். மூன்றாவது முறை அவனே எடுத்து, “அதிகாரி மாறிவிட்டார், புதியவரைப் பார்க்க இன்னும் ரூ.20,000 ஆகும்” என்றான். ரூ.68,500-ஐத் திருப்பிக் கேட்டதும் அக்கா மேடம் ஆகிவிட்டேன். “ஜி.எஸ்.டி. கட்டியாகிவிட்டது மேடம்” என்றான். ரசீதில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணைத் தேடிப் பார்த்தேன், அது ஏதோ ஒரு டயர் கடையுடையது. இணையதளத்துக்காரர்களோ, “நாங்கள் முகவரி மட்டும்தான் தருகிறோம், சேவைக்குப் பொறுப்பில்லை” என்றார்கள். அப்படியானால் அவன் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டவர் என்று எதைச் சரிபார்த்துப் போட்டார்கள்? காவல் நிலையத்தில் மனு ஏற்பு ரசீது கொடுத்து அனுப்பினார்கள்.

என்னைத் தூங்கவிடாதது இன்னொன்று. நான்கு மாதம் 42 பெண்கள் காற்றடைத்த சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் தூங்கியிருக்கிறார்கள். பெற்றோர் வந்து கேட்டபோதெல்லாம் அந்தச் சான்றைக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பார்க்க வேண்டியவர் ஒரு மாதத்துக்குள் வந்திருந்தால் இவனுக்கு இங்கே வேலையே இருந்திருக்காது. காலிப் பணியிடத்தை அரசு நிரப்பாவிட்டால் இவனைப் போன்றவர்கள் நிரப்பிக்கொள்கிறார்கள்.

சொல்வதாகச் சொன்னவை, அவசரமாக: சான்று எண் கைக்கு வந்த அன்றே துறையிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். சிலிண்டரை எடை போடாமல் வாங்காதீர்கள். ஓய்வு பெற்ற அதிகாரி என்று எவனாவது தொடங்கினால் வாசலைக் காட்டுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, நான் போடப் போகிறேன். பின்வாசல் பூட்டைக் கழற்றுங்கள், அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அவன் எண்ணை யாரும் கேட்க வேண்டாம். இன்று காலையிலிருந்து அது உபயோகத்தில் இல்லை.