பொடுகு ஷாம்பு நாலு வகை: தோலுக்குள் எது எவ்வளவு போகும்?

பூஞ்சைக் கொல்லி ஷாம்பு வாங்குகிறவர்களுக்கு இரண்டு கவலை. மருந்து மண்டைத்தோல் வழியாக ரத்தத்தில் கலந்து ஈரலைக் கெடுக்குமோ என்பது ஒன்று. ஐந்து நிமிஷத்தில் அலசிவிட்டால் உள்ளேயே போகாதே, அப்புறம் என்ன பிரயோஜனம் என்பது இன்னொன்று. பொடுகுக்குத் துணைபோகும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, தோலின் மேலே இருக்கும் செத்த செல் அடுக்கிலும் முடி முளைக்கிற துளையின் வாய்ப்பக்கத்திலும்தான் குடியிருக்கிறது. அங்கே ஊறும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அதனால் மருந்து அதற்குக் கீழே இறங்கத் தேவையில்லை, அலசிய பிறகும் மேலே எவ்வளவு ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கீட்டோகொனசோல் 2% ஷாம்புவைப் பற்றித்தான் பயம் அதிகம், அதற்குக் காரணம் அதே மருந்தின் மாத்திரை. ஈரல் பாதிப்புக்காக 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த மாத்திரையின் பயன்பாட்டைக் கடுமையாகக் குறைத்தது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போட்டால் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 3.5 மைக்ரோகிராம் வரை ஏறும். ஷாம்பு கதையே வேறு: வாரத்துக்கு 4 முதல் 10 தடவை வீதம் ஆறு மாதம் தேய்த்த 39 பேரின் ரத்தத்தில் மருந்து தென்படவே இல்லை. கீட்டோகொனசோல் கொஞ்சம் பெரிய மூலக்கூறு, கொழுப்போடு சேரும், முடியிலும் தோலிலும் இருக்கிற கெரட்டின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மேலேயே நின்றுவிடுகிறது. ஒரு தடவை போட்டு 12 மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் முடியின் மேல் நிறைய இருந்தது, முடிக்குள் இறங்கியது 5% அளவுதான்.

அடுத்தது சைக்ளோபிராக்ஸ் 1%. இதன் மூலக்கூறு கீட்டோகொனசோலில் பாதிகூட இல்லை, கொஞ்சம் உள்ளே நழுவுகிறது. வாரம் இரண்டு தடவை, மூன்று நிமிஷம் வைத்து அலசிய 18 பேரில் 6 பேரின் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 13 நானோகிராம் வரை தெரிந்தது. ஆனால் நானோகிராம் என்பது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு! சிறுநீரில் வெளியேறியது போட்ட மருந்தில் அரை சதவீதத்துக்கும் கீழே. இதற்குப் பயப்படுவது வீண்.

ஜிங்க் பைரிதியோன் தண்ணீரில் சரியாகக் கரையாது. நுண்துகள்களாகத் தோலில் படிந்து அங்கிருந்தே வேலை செய்யும், எனவே துகளைத் தலையில் தங்க வைக்கிற தயாரிப்புதான் நல்ல ஷாம்பு. ஐரோப்பிய யூனியன் 2022இல் இதை அழகுசாதனப் பொருள்களில் தடை செய்தது, இனப்பெருக்க நச்சு என்ற வகைப்பாட்டின் பேரில். இந்தியாவில் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது.

செலீனியம் சல்பைடு 2.5%, புண் இல்லாத தோலில் உள்ளே போவது அற்பம். சொறிந்து ரணமான தலையில் போடக் கூடாது, அங்கே கணக்கு மாறும். கம்மல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், கறுத்துப்போகும்.

என்னைக் கேட்டால் பொடுகு மும்முரமாக இருக்கும்போது கீட்டோகொனசோல், ஒத்துக்கொள்ளாவிட்டால் சைக்ளோபிராக்ஸ், அடங்கிய பிறகு ஜிங்க். செலீனியம் கடைசியில்தான், அந்த வாடையைச் சகிக்க முடிந்தால். எதுவானாலும் எண்ணெய் வைத்த தலையில் நேராக ஊற்றாதீர்கள். முதலில் சாதாரண ஷாம்பு போட்டு எண்ணெயை எடுத்துவிட்டு, அப்புறம் மருந்தை முடியில் இல்லாமல் தோலில் படுகிற மாதிரி தேய்த்து, பாட்டிலில் போட்டிருக்கிற நிமிஷக் கணக்குப்படி வைத்து அலசுங்கள்.